இடது கையைத் தூக்கினால்

வாயைத் திறந்து வைத்திருப்பவர்களிடம் மட்டும்தான் அக்கா சினிமா பேசுவாள். வேண்டுமென்று அல்ல, வேலை அப்படி. பதினோரு வருஷமாக ஒரு பல் டாக்டருக்கு உதவியாளராக இருக்கிறாள். எச்சில் உறிஞ்சும் குழாயை ஒருவர் வாயோரத்தில் பிடித்துக்கொண்டு, டாக்டர் கை நீட்டுவதற்குள் அடுத்த கருவியை எடுத்து நீட்டுவாள். கை அதன் பாட்டுக்கு ஓடும். வாய் அதன் பாட்டுக்குப் போன வெள்ளிக்கிழமை வந்த படத்தைக் கிழித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருக்கும். நாற்காலியில் மல்லாந்திருப்பவரால் 'ஆ' என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. ஆக, பதினோரு வருஷத்தில் அக்காவின் கருத்தை மறுத்தவர் ஒருவர்கூடக் கிடையாது. எந்த மந்திரிக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?

டாக்டர் அவளைவிட எட்டு வயது சின்னவள். சினிமாவே பார்க்காதவள். ஆனாலும் அக்காவின் பேச்சுக்குத் தடை போட்டதில்லை. அக்கா பேசினால் பேஷண்ட் ஊசியைப் பார்ப்பதில்லை என்பது அவளுடைய கணக்கு.

அக்காவுக்குத் தனியாக ஒரு பார்வை உண்டு. ஊரெல்லாம் நடிகர்களின் முகத்தைப் பார்க்கும், இவள் பல்லைப் பார்ப்பாள். "நூறு வருஷத்துக்கு முந்தின கதையாம். வீடு, வண்டி, விளக்கு எல்லாம் தேடித் தேடிப் பழசா வச்சிருக்கான். ஹீரோயின் சிரிச்சா பல்லு மட்டும் போன வாரம் வெளுத்தது!" என்பாள். "அந்த ஹீரோ அழும்போது ஏன் வாயை மூடிக்கிட்டே அழறான் தெரியுமா? மேல் வரிசையில ஆறும் மேல மாட்டின கேப்பு, சொந்தப் பல்லு இல்ல. திறந்தா பளிச்சுனு காட்டிக்கொடுத்துடும்." சீரியல் என்றால் இன்னும் விசேஷம். தூங்கி எழுந்து வரும் மருமகளுக்கு உதட்டுச் சாயம் இம்மிகூடக் கலைவதில்லை. ஒரு அதிர்ச்சி வந்தால் மூணு தடவை இடி இடிக்கிறது, ஒரு சொட்டு மழை இல்லை. "ஆபரேஷன் முடிஞ்சு வர்ற டாக்டர் கண்ணாடியைக் கழட்டிட்டுத்தான் பேசணுமா? எங்க டாக்டரம்மா ஒரு நாளாவது கழட்டியிருக்காங்களா, நீங்களே சொல்லுங்க!" நீங்களே சொல்லுங்க என்பாள். அவர்கள் எங்கே சொல்ல?

வீட்டில் கதை வேறு. அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. தம்பி வீட்டில்தான் இருக்கிறாள். ரிமோட் தம்பி பெண்டாட்டியின் கையில். அக்கா வாயைத் திறந்த மறு நிமிஷம் சோபாவின் நாலு மூலையிலிருந்தும் 'உஷ்' என்று வரும். தம்பி மகள் காதில் ஹெட்போன் மாட்டியிருப்பாள், அவளும் 'உஷ்' என்பாள். வீட்டில் அடக்கி வைப்பதையெல்லாம் மறுநாள் யாராவது ஒருவரின் கடைவாய்க்கு மேலே கொட்டிவிட்டு, அக்கா நிம்மதியாக இருந்தாள். நிம்மதி என்றுதான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நிலைமையில்தான் லிஃப்ட் மெக்கானிக் வந்து சேர்ந்தார். ஐம்பது வயதிருக்கும். நீலச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ், கையில் ஒரு கனமான கருவிப் பை. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி வேர்வரை போயிருந்தது. ஐந்து தடவை வர வேண்டும் என்றாள் டாக்டர். வேரைத் திறந்து சுத்தம் செய்து, மருந்து வைத்து, அடைத்து, அளவெடுத்து, கடைசியில் கேப்.

"தலையை மட்டும் ஆட்டாதீங்க. உள்ள ஊசி மாதிரி சின்ன அரம் போகும். வலிச்சா இடது கையைத் தூக்குங்க, நான் உடனே நிறுத்திடுவேன்" என்றாள் டாக்டர். எல்லோரிடமும் சொல்வதுதான். டாக்டர் வலப்பக்கம் உட்கார்வாள், அக்கா இடப்பக்கம். தூக்கிய கை அக்காவின் மூக்குக்கு நேரே வந்து நிற்கும்.

முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா ஹீரோவின் பல்லிலிருந்து சீரியல் வரை பேசித் தீர்த்தாள், அவர் பயத்தில் மேலே விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது நாள் அரம் உள்ளே போனது. அக்காவும் ஆரம்பித்தாள். அந்த வாரம் சுருட்டைமுடிப் பாடகரின் புதுப் பாட்டு ஒன்று ஊரையே கலக்கிக்கொண்டிருந்தது. காதலி ரயிலேறிப் போன பிறகு காதலன் பாடுவது.

"சோகப் பாட்டாம்! சோகப் பாட்டை இப்படியா குதிச்சுக்கிட்டுப் பாடுவாங்க? மேளம் போடறான், கை தட்டறான். அவ போனதுல இவனுக்கு சந்தோஷம்போல!"

மெக்கானிக்கின் இடது கை எழுந்தது.

டாக்டர் சட்டென்று நிறுத்தினாள். "வலிக்குதா?"

"ங்ங்ஆ" என்றார் மெக்கானிக். தலையை ஆட்டக் கூடாது, வாயில் குழாய், கடைவாயில் இடுக்கி. டாக்டர் கொஞ்சம் மரப்பு ஊசி போட்டுவிட்டு இரண்டு நிமிஷம் பொறுத்துத் தொடர்ந்தாள். அக்காவும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

"அவரு குரல் நல்ல குரல்தான், இல்லைங்கல. ஆனா இனிமே அவரு வீட்டுல உக்காந்து ரெஸ்ட் எடுக்கலாம்."

கை மறுபடியும் எழுந்தது. இந்தத் தடவை கொஞ்சம் வேகமாகவே. மறுபடியும் ஊசி. பிறகு பேச்சு பாட்டுப் போட்டி நிகழ்ச்சிக்குத் தாவியது. பாடுகிற குழந்தை இரண்டு நிமிஷம் பாடுகிறது, அதன் குடும்பக் கதையைப் பன்னிரண்டு நிமிஷம் காட்டுகிறார்கள், நடுவர்கள் முறை வைத்து அழுகிறார்கள் என்று அக்கா சொல்லும்வரை கை சும்மா இருந்தது. "ஆனா அந்த மூணாவது நடுவர் அம்மா மட்டும் நிஜமா அழறாங்க" என்றதுதான் தாமதம், கை விளக்கில் இடிக்கிற மாதிரி எழும்பியது.

"என்னங்க இது, இவ்வளவு போட்டும் வலிக்குதா?" டாக்டரின் நெற்றி சுருங்கியது. இன்னும் அரை ஊசி.

முடிந்து எழுந்தபோது மெக்கானிக்கின் முகத்தில் பாதி அவருடையதாக இல்லை. தண்ணீர் கொடுத்தால் ஓரமாக வழிந்தது. பேச வாயெடுத்தால் காற்றுதான் வந்தது. அவர் டாக்டரின் மேஜையைக் காட்டி, எழுதுவதுபோல் விரலை அசைத்தார். மருந்துச் சீட்டில் பெரிய எழுத்தில் எழுதி நீட்டினார்.

டாக்டர் வாங்கிச் சத்தமாகப் படித்தாள். "வலிக்கவே இல்லை. அந்தப் பாட்டு நல்ல பாட்டு. மூன்றாவது நடுவர் அழுவது நடிப்பு."

அக்காவுக்கு முதலில் கோபம்தான் வந்தது. யார் இந்த மனுஷன், ஓசியில் என் பேச்சைக் கேட்டுவிட்டு எனக்கே பாடம் எடுக்க? அதற்குப் பின்னாலேயே சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை.

அவர் போன பிறகு டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்: "அக்கா, அந்தக் கையை நான் நம்பணும். இன்னைக்குத் தேவையில்லாம ரெண்டரை ஊசி போட்டிருக்கேன். நாளைக்கு நிஜமாவே வலிச்சு ஒருத்தர் கையைத் தூக்கி, 'சரி, சினிமாவுக்குத்தான்'னு நான் நினைச்சுட்டா? இனிமே இந்த ரூமுக்குள்ள சினிமா வேண்டாம்."

நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் அக்காவுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது தடவை அவர் வந்தபோது அந்த அறையில் கருவியின் சத்தத்தைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை. மெக்கானிக்கின் கண் அக்காவைப் பார்த்தது, புருவம் 'என்ன ஆச்சு?' என்று கேட்டது. அக்கா குழாயைப் பார்த்தாள். முன்னறையில் அடுத்த தேதி எழுதும்போது அவர் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தார்.

"என்னாலதான் உங்க வாய்க்குப் பூட்டு போட்டுட்டாங்கன்னு புரியுது. அன்னிக்கு என்னால பேச முடியல. அதான் எழுதிட்டு வந்தேன்" என்றார். கூச்சத்தோடு சேர்த்துக்கொண்டார்: "பதினாலு பாயிண்ட் இருக்கு."

அக்கா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து படித்தாள். மனுஷன் ஒன்றைக்கூட விட்டிருக்கவில்லை. ஹீரோவின் பல் அவருடைய சொந்தப் பல்தானாம், பழைய படத்தில் சின்னப் பையனாக நடித்தபோதே அப்படித்தான் இருந்ததாம். பால் பல்லுக்கும் நிலைத்த பல்லுக்கும் வித்தியாசம் தெரியாத ஆள்! ஏழாவது பாயிண்டில், நடுவர் அம்மா அழுவதற்கு முன் ஒரு தடவை கேமராவைத் தேடுகிறார், கவனியுங்கள் என்றிருந்தது. பதினாலாவது அந்தப் பாட்டு. 'கடைசிச் சரணத்துக்கு முன்னால் மேளம், கைத்தட்டல், குரல் எல்லாம் இரண்டு வினாடி நின்றுவிடும். நான் லிஃப்ட் கூண்டின் மேலே உட்கார்ந்து வேலை செய்கிறவன். மோட்டார் நின்றால் வரும் அமைதி எனக்குத் தெரியும். அந்த இரண்டு வினாடியில்தான் அவள் போய்விட்டாள் என்று அவனுக்குப் புரிகிறது. அதுவரை குதித்ததெல்லாம் புரியாததால்.'

இறங்க வேண்டிய நிறுத்தத்தை அக்கா தவறவிட்டாள். திரும்பி நடக்கையில் வழியெல்லாம் பதில்களை அடுக்கிக்கொண்டே வந்தாள். தன் பேச்சை ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டிருக்கிறார் என்பது அவளுக்கு எதிர்பாராத சந்தோஷமாக இருந்தது. திட்டுகிறவர் என்றாலும் கேட்டுவிட்டுத் திட்டியிருக்கிறார் அல்லவா?

வீட்டில் தம்பி மகளின் ஹெட்போனைக் கெஞ்சி வாங்கி அந்தப் பாட்டைக் கேட்டாள். மேளம் நின்றது. ஒன்று, இரண்டு. பிறகு குரல் மட்டும் தனியாக வந்தது. அக்கா மறுபடியும் அந்த இடத்துக்கு ஓட்டிக் கேட்டாள். "அத்தை, அழறீங்களா?" என்றாள் பெண். "பல்லு வலிக்குதுடி" என்றாள் அக்கா.

அது பாதிப் பொய்தான். அக்காவுக்கு மாசக்கணக்காக வலப்பக்கக் கீழ்ப் பல் வலித்துக்கொண்டுதான் இருந்தது. இடப்பக்கமாகவே மென்று, மாத்திரை போட்டு, டாக்டரின் கண்ணில் படாமல் சமாளித்துவந்தாள். ஆயிரம் பேரைத் தைரியம் சொல்லி அந்த நாற்காலியில் உட்காரவைத்தவளுக்கு, தான் உட்காருவது என்றால் பயம். வெளியே சொன்னால் மானம் போய்விடும்.

நாலாவது தடவை மெக்கானிக் அரைமணி முன்னதாகவே வந்துவிட்டார். டாக்டர் தடை போட்டது உள்ளறைக்குத்தானே. முன்னறையின் பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு பேரும் உட்கார்ந்து பால் பல்லில் ஆரம்பித்தார்கள். சீரியல் மருமகளுக்கு எத்தனை தடவை பழசெல்லாம் மறந்துபோனது என்பதில் சண்டை வந்தது. அக்கா மூன்று என்றாள், அவர் நாலு என்றார். வில்லியாக வருகிறவள் கண்ணை உருட்டாமலே பயமுறுத்துகிறாள் என்று அவர் சொன்னதற்கு, "அவ உருட்டல, அவளுக்குக் கண்ணே அவ்வளவுதான்" என்றாள் அக்கா. அவர் சிரித்த சிரிப்பில் வாயில் இருந்த தற்காலிக அடைப்பு தெரிந்தது. பக்கத்தில் தாடை வீங்கி உட்கார்ந்திருந்தவர்கூட வலியை மறந்து ஒரு பக்கம் சேர்ந்துகொண்டார்.

"என் வீட்டுக்காரி இருந்தவரைக்கும் தினம் இப்படித்தான். அவ போய் ஒம்பது வருஷமாச்சு. இப்ப நான் டிவிகிட்டதான் சண்டை போடறேன், அது பதிலே சொல்றதில்ல" என்றார் மெக்கானிக் சாதாரணமாக.

"எனக்கு வீட்டுல 'உஷ்'" என்றாள் அக்கா.

ஐந்தாவது தடவைக்கு அக்கா நன்றாகத் தயாராகி வந்தாள். நல்ல புடவை என்று யாராவது சொன்னால் தற்செயல் என்று சொல்லியிருப்பாள். பதினாலு பாயிண்டுக்கும் பதில் எழுதி, வேலையில் போடும் வெள்ளைக் கோட்டுப் பையில் வைத்திருந்தாள். பதிமூன்றுக்கு வரிக்கு வரி மறுப்பு. பதினாலாவதுக்கு மட்டும் ஒரே வரி: 'நீங்கள் சொன்னது சரி. நான் நாலு தடவை கேட்டேன்.' அன்றைக்கென்று அவர் தாமதமாக வந்தார். நேரே நாற்காலியில் உட்காரவைத்தாகிவிட்டது. டாக்டர் கேப்பை ஒட்டி, கடிக்கச் சொல்லி, தேய்த்து, மறுபடி கடிக்கச் சொன்னாள்.

"முடிஞ்சது. இனி ஆறு மாசம் கழிச்சு ஒரு தடவை காட்டினா போதும்."

ஆறு மாசம். அக்காவுக்கு அது இதுவரை தோன்றவே இல்லை. பல் குணமானால் ஆள் வரமாட்டார் என்பது பதினோரு வருஷமாகத் தெரிந்த விஷயம்தான். இருந்தும் தோன்றவில்லை. முன்னறைக்கு வந்து அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளும் கோட்டுப் பைக்குள் கை விட்டாள். அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. "அஞ்சாவது மாடியில ரெண்டு பேர் உள்ள மாட்டிக்கிட்டாங்களாம்" என்று சொல்லிக்கொண்டே பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு படியில் ஓடினார். தாள் அக்காவின் கையிலேயே இருந்தது.

அவருடைய நம்பர் பேஷண்ட் பதிவேட்டில் இருந்தது. தினமும் அந்தப் பதிவேட்டை அக்காதான் திறந்து மூடினாள். ஆனால் போன் பண்ணி என்ன சொல்வது? வில்லியின் கண்ணைப் பற்றி இன்னும் ஒரு கருத்து இருக்கிறது என்றா? நாற்பத்தேழு வயதில் இதெல்லாம் தேவையா என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அந்தச் சீரியலில் மருமகளுக்கு அந்த வாரம் மறுபடியும் எல்லாம் மறந்துபோனது. நாலா, ஐந்தா என்று கேட்க ஆளில்லை. அக்காவுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

மூன்றாவது வாரம் அவளுடைய கன்னம் வீங்கியது. அதற்கு மேல் மறைக்க வழியில்லை. டாக்டர் விளக்கை இழுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பல் டாக்டர்கிட்டயே வேலை பாத்துக்கிட்டு இதை இப்படி வளர்த்து வச்சிருக்கீங்களே! இனி எடுக்கறதைத் தவிர வழியில்ல. வீக்கம் வத்த மருந்து தர்றேன். வெள்ளிக்கிழமை பதினோரு மணி. ஓடக் கூடாது."

"எனக்கு என்ன பயம்?" என்றாள் அக்கா. குரல் காட்டிக்கொடுத்தது. அவள் கை அந்தக் கோட்டுப் பையைத் தடவிக்கொண்டிருந்ததை டாக்டர் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை அக்கா நாற்காலியில் மல்லாந்து கிடந்தாள். மேலே விளக்கு இவ்வளவு பெரியது என்று இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தெரியவே தெரியாது. ஊசி போட்டாகிவிட்டது. தாடை மரத்துவிட்டது, பயம் மரக்கவில்லை. கதவு திறந்தது. நீலச் சட்டை, கருவிப் பை.

"நான்தான் போன் பண்ணிக் கூப்பிட்டேன்" என்றாள் டாக்டர், கையுறையை மாட்டிக்கொண்டே. "என் பேஷண்ட் ஒருத்தங்க ரொம்பப் பயப்படறாங்க, பக்கத்துல உக்காந்து சினிமா பேச ஆள் வேணும்னு சொன்னேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் இந்த ரூம்ல சினிமா பேசலாம். ஆனா அக்கா, வலிச்சா மட்டும்தான் கை. சினிமாவுக்குக் காலை ஆட்டுங்க. குழப்பக் கூடாது."

மெக்கானிக் கை கழுவி, இடப்பக்கம் அக்காவின் முக்காலியிலேயே உட்கார்ந்தார். அவளுடைய குழாயை அவரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள் டாக்டர். அக்காவுக்கு அவரைப் பார்க்க வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. மூடவும் முடியாத வாயோடு என்ன செய்ய? கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்த மருமகளா வர்ற பொண்ணு மாதிரி நடிக்க இன்னைக்கு ஆளே கிடையாது" என்று ஆரம்பித்தார் அவர்.

அக்காவின் இடது கால் ஆடியது.

"போன வாரம் மறந்தாளே, என்ன ஒரு நடிப்பு! அது அஞ்சாவது தடவை."

இரண்டு காலும் ஆடின. நாலு! நாலு!

"அப்புறம், ஆபரேஷன் முடிஞ்சு வர்ற டாக்டர் கண்ணாடியைக் கழட்டறதுதான் முறை. இவங்க கழட்டாதது இவங்க தப்பு."

டாக்டர் 'க்கும்' என்றாள். அக்காவின் செருப்பு ஒன்று கழன்று சுவரோரம் போய் விழுந்தது.

"ஹீரோ பல்லைப் பத்திக் கடைசியா ஒண்ணு சொல்றேன். அவ்வளவு அழகான சொந்தப் பல்லு—"

"அவ்வளவுதான், வந்துருச்சு" என்றாள் டாக்டர். தட்டில் டிங் என்று ஏதோ விழுந்தது. அக்கா கண்ணைத் திறந்து நம்பாமல் பார்த்தாள். கையை அவள் ஒரு தடவைகூடத் தூக்கியிருக்கவில்லை.

பஞ்சை வைத்து இறுகக் கடிக்கச் சொன்னாள் டாக்டர். "ஒரு மணி நேரம் பேசவே கூடாது. ஒரு வார்த்தை கூட." அக்காவின் வாழ்க்கையில் இப்படி ஒரு தண்டனை கிடைத்ததில்லை. முன்னறைக்கு வந்ததும் அவள் கோட்டுப் பையிலிருந்து கசங்கிய தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். அவர் நின்றபடியே படித்தார். பதிமூன்று வரைக்கும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டும் தலையை ஆட்டிக்கொண்டும் படித்தார். பதினாலாவது வரியை மட்டும் இரண்டு தடவை படித்த மாதிரி இருந்தது. தாளை நாலாக மடித்து, கருவிப் பையில் போடாமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இதுல பதிமூணு தப்பு இருக்கு. இன்னைக்கு நான் சொன்னதுக்கும் உங்ககிட்ட பதில் இருக்குமே?"

அக்கா பஞ்சைக் கடித்துக்கொண்டு கோபமாகத் தலையாட்டினாள். இருந்தது, ஏராளமாக இருந்தது.

"ஒரு மணி நேரம்தானே, இருக்கேன்" என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்காரவும் போன் அடித்தது. அக்காவின் முகம் சுருங்கியதை அவர் பார்த்தார்.

"சொல்லுங்க... லிஃப்ட் நின்னுபோச்சா? உள்ள யாராவது மாட்டியிருக்காங்களா? யாருமில்லையே? அப்ப ஒரு மணி நேரம் எல்லாரையும் படியில ஏறச் சொல்லுங்க."